அடியின் பலம்: போர்மனா, ஷேவர்ஸா, டைசனா, வைல்டரா?

கயிற்றோரம்:
ஹெவிவெயிட் குத்துச்சண்டையில், அதாவது அதிகபட்ச எடைப் பிரிவில், யாருடைய அடி பலமானது என்பதுதான் கேள்வி. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாக் அவுட் சதவீதத்தை நீட்டிக்கொண்டு யாரும் வரவேண்டாம். வைல்டர் 2018ல் ஃப்யூரியோடு முதல்முறை மோதப் போனபோது 40 சண்டையில் 40 வெற்றி, அதில் 39 நாக் அவுட். கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலே படித்துப் பாருங்கள், முதல் இருபது முப்பது பேரில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? ஜோ லூயிஸ் 66 வெற்றியில் 52 நாக் அவுட், சதவீதப்படி வைல்டருக்கு ரொம்பக் கீழே. அதற்காக லூயிஸின் குத்து லேசானது என்று யாராவது சொன்னால் சிரிப்பேன்.

நான் பார்ப்பது வேறு. யாரை அடித்தார், அந்த ஆள் மற்றவர்களிடம் எவ்வளவு தாங்கினார். ஜார்ஜ் சுவாலோ 90க்கு மேல் சண்டை போட்டவர், ஒருமுறைகூடத் தரையைத் தொடவில்லை. 1970ல் போர்மன் அவரை மூன்றாவது ரவுண்டில் நின்ற நிலையிலேயே முடித்தார், நடுவர்தான் இடையில் புகுந்தார். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜோ பிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு தடவை கீழே தள்ளினார். அந்தப் பிரேசியர், அலியையே 15வது ரவுண்டில் இடது ஹூக்கால் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) மல்லாக்கப் போட்டவர். அடுத்த வருடம் கராகஸில் நார்டன், அதுவும் இரண்டு ரவுண்டு. அலியோ நார்டனோடு மூன்று சண்டையில் மொத்தம் 39 ரவுண்டு போட்டும் அவரை நாக் அவுட் செய்ய முடியவில்லை.

ஆக என் வரிசை: போர்மன், மைக் டைசன், ஷேவர்ஸ், ஜோ லூயிஸ், அப்புறம்தான் வைல்டர். திட்டுங்கள்.

மணியடிச்சாச்சு:
திட்டத்தான் வந்தேன். வைல்டரை ஐந்தாவதாகப் போட்டுவிட்டு காரணமே சொல்லாமல் போகிறீர்களே.

2018 டிசம்பர், 12வது ரவுண்டு. ஃப்யூரி 256 பவுண்டு, வைல்டர் 212. நாற்பது பவுண்டுக்கு மேல் வித்தியாசம். வலது கை, விழும்போதே ஒரு இடது கை, ஆள் கண்ணை மூடிக் கிடந்தார். அவ்வளவு எடை வித்தியாசத்தோடு உங்கள் வரிசையில் இருக்கும் யாராவது ஒருவரை அப்படிப் படுக்கவைத்திருக்கிறார்களா? அதற்கப்புறம் 2019 நவம்பரில் ஆர்டிஸ். ஆறு ரவுண்டு ஆர்டிஸ்தான் ஜெயித்துக்கொண்டிருந்தார், வைல்டர் ஏறக்குறைய எதுவுமே செய்யவில்லை. ஏழாவதில் நெற்றியில் ஒரே ஒரு வலது கை. ஆட்டம் முடிந்தது. தாடையில்கூட இல்லை, நெற்றியில். மற்றவர்களுக்கு நாலைந்து குத்து சேர்ந்து செய்கிற வேலையை இவருடைய ஒரு குத்து செய்கிறது. பலம் என்றால் அதுதானே?

எட்டாம்ரவுண்டு:
ஃப்யூரி எழுந்துவிட்டாரே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2021ல் நாலாவது ரவுண்டில் வைல்டர் அவரை இரண்டு தடவை கீழே போட்டார், அப்போதும் ஃப்யூரி எழுந்தார், 11வதில் வைல்டர்தான் தரையில் கிடந்தார். மூன்று சண்டையில் நாலு தடவை கீழே போட்டும் ஒருமுறைகூட முடிக்க முடியவில்லை.

மணியடிச்சாச்சு:
எழுந்தது ஃப்யூரியின் பெருமை. அடித்தவரின் குறையா அது? 2023ல் எம்எம்ஏ (கலப்புச் சண்டை) வீரர் எங்கானூகூட ஃப்யூரியைக் கீழே போட்டார், தன் முதல் தொழில்முறைக் குத்துச்சண்டையிலேயே. ஃப்யூரிக்கு விழுவதும் எழுவதும் ஒரு பழக்கம்.

பழையரீல்:
எல்லோரும் ஏன் பெரிய வீச்சுக் குத்துகளையே பேசுகிறீர்கள் என்று புரியவில்லை. ஜோ லூயிஸின் பழைய படங்களை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அவருடைய வலது கை பயணம் செய்யும் தூரம் ஒரு முழம்கூட இருக்காது. தோள் அசைவது தெரியும், அடுத்த கணம் எதிராளி உட்கார்ந்திருப்பார். 1938ல் ஷ்மெலிங்கை முதல் ரவுண்டிலேயே, இரண்டு நிமிடம் சொச்சத்தில் முடித்தது அப்படித்தான். இரண்டு வருடம் முன்பு அதே ஷ்மெலிங் இவரை 12வது ரவுண்டில் சாய்த்திருந்தார், ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) போட்டுவிட்டு இடது கையைத் தாழ்வாக இழுக்கும் பழக்கத்தைக் கண்டுபிடித்து அதற்கு மேலாக வலது கையை விட்டார்.

இன்னொன்று, கடைசி ரவுண்டுகளில் மிச்சமிருக்கும் பலம். 1952ல் மார்சியானோ வால்காட்டிடம் புள்ளிகளில் தோற்றுக்கொண்டிருந்தார், 13வது ரவுண்டு, ஒரே ஒரு குறுகிய வலது கை. வால்காட் கயிற்றில் சரிந்து முழங்காலிட்டு அப்படியே முகம் குப்புறப் போனார். மார்சியானோ அன்று 190 பவுண்டுகூட இல்லை, இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே கிடையாது, 200க்குக் கீழே இருந்தால் க்ரூஸர்வெயிட். முதல் மூன்று ரவுண்டுக்கு எல்லோருக்கும் பலம் இருக்கும். 13வதில் யாருக்கு இருக்கிறது என்று கேட்டால் உங்கள் வரிசை தலைகீழாகும்.

கயிற்றோரம்:
இது நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கணக்கில் வைல்டருக்கும் இடம் உண்டு, ஃப்யூரியை 12வதில்தானே போட்டார். மாறாக என் முதல் ஆள் போர்மனுக்கு அடி விழும். கின்ஷாசாவில் அலியோடு மோதி எட்டாவது ரவுண்டுக்கு வந்தபோது அவர் கைகள் தண்ணீரில் நனைந்த துணி மாதிரி ஆகிவிட்டன.

அரைநொடி:
கொஞ்சம் இயற்பியல் பேசலாமா, கோபப்படாதீர்கள்.

1985ல் பிராங்க் புருனோவின் குத்தை அளந்து ஓர் ஆய்வு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. தாக்கும்போது கையின் வேகம் வினாடிக்கு 8.9 மீட்டர், உச்ச விசை 4,096 நியூட்டன். பஞ்சு சுற்றிய 6 கிலோ மரச் சுத்தியலை மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசினால் என்ன ஆகுமோ அதற்குச் சமம் என்று எழுதியிருந்தார்கள். அளந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்த குத்து! ஆனால் புருனோவின் சண்டை வரலாறு என்ன? அதற்கு முந்தைய வருடம்தான் போன்கிரஷர் ஸ்மித்திடம் பத்தாவது ரவுண்டில் நாக் அவுட் ஆனார், அப்புறம் விதர்ஸ்பூன், டைசன் இரண்டு தடவை, லெனாக்ஸ் லூயிஸ். தோற்ற ஐந்துமே நாக் அவுட்.

ஏனென்றால் இயந்திரம் நகராது, தலையைத் திருப்பாது, திருப்பி அடிக்காது. நிஜத்தில் ஆளைச் சாய்ப்பது வெறும் விசை இல்லை, தலை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதுதான். தாடையின் நுனியில் பக்கவாட்டில் பட்டால் தலை சட்டென்று சுழலும், உள்ளே மூளை அதோடு சேர்ந்து திரும்ப முடியாமல் இழுபடும். குத்து வருவதைப் பார்த்துவிட்டால் கழுத்துத் தசை இறுகும், தலையின் சுழற்சி குறையும். பார்க்காவிட்டால் பாதி பலமுள்ள குத்தே போதும். அதனால்தான் டைசனைக் குறைத்துப் பேச முடியாது. அவர் அடித்ததில் பாதியை எதிராளிகள் பார்க்கவே இல்லை.

பீக்கபூ:
கடைசியாக ஒருவர் டைசன் பெயரை ஒழுங்காகச் சொன்னார்.

லாரி ஹோம்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1979ல் ஷேவர்ஸ் அவரை ஏழாவது ரவுண்டில் போட்டார், எழுந்து 11வதில் ஷேவர்ஸையே முடித்தார். பிற்பாடு ஹோலிஃபீல்ட், மெக்கால் எல்லாரும் அவரோடு முழு தூரமும், அதாவது கடைசி ரவுண்டு வரை, போனார்கள். 75 சண்டையில் ஹோம்ஸை முடித்தவர் ஒரே ஒருவர், 1988 ஜனவரியில் டைசன், நாலாவது ரவுண்டு. கயிற்றோரம் சொன்ன அளவுகோல்தானே இது? அதே வருடம் ஸ்பிங்க்ஸை 91 வினாடியில் முடித்தார்.

என் கேள்வி: 1988 டைசன், 1973 போர்மன். யார் ஜெயிப்பார்கள்?

கயிற்றோரம்:
ஹோம்ஸுக்கு அப்போது 38 வயது, இரண்டு வருடத்துக்குக் கிட்டத்தட்ட கையுறையே போடாமல் இருந்துவிட்டு வந்தார். ஸ்பிங்க்ஸ் லைட் ஹெவிவெயிட்டிலிருந்து சாப்பிட்டு ஏறியவர். இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன், ஹோம்ஸ் விஷயம் கனமான சான்று.

டைசன், போர்மன் மோதினால் போர்மன். யோசிக்கவே வேண்டாம். குள்ளமாகக் குனிந்து உள்ளே வருபவர்கள் போர்மனுக்கு அல்வா. இரண்டு கையாலும் தோளைப் பிடித்துத் தள்ளுவார், ஆள் நிமிரும், கீழிருந்து அப்பர்கட் வரும். பிரேசியருக்கு நடந்ததுதான் டைசனுக்கும்.

பீக்கபூ:
எல்லோரும் இதையே சொல்கிறீர்கள், டைசனும் பிரேசியரும் ஒரே ஆள் மாதிரி. பிரேசியர் சூடாக மூன்று நாலு ரவுண்டு ஆகும். 1966ல் பொனவேனா அவரை இரண்டாவது ரவுண்டில் இரண்டு தடவை போட்டது அதனால்தான். வருவது நேர்கோட்டில், தலையை ஒரே தாளத்தில் ஆட்டிக்கொண்டு, ஆயுதம் ஒரே ஒரு இடது ஹூக். டைசன் மணியடித்த முதல் நொடியிலேயே முழு வேகம், இரண்டு கையிலும் நாக் அவுட், பக்கவாட்டில் நகர்ந்து கோணத்திலிருந்து அடிப்பார். எடையும் குறைச்சல் இல்லை, ஸ்பிங்க்ஸ் சண்டையில் டைசனும் கிங்ஸ்டனில் போர்மனும் ஏறத்தாழ ஒரே எடை, 218 பவுண்டு பக்கம். உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அப்புறம் போர்மனின் தற்காப்பு. 1976 ஜனவரி, ரான் லைல். போர்மன் இரண்டு தடவை கீழே போனார். லைல் நல்ல பலசாலிதான், ஆனால் கை வேகத்தில் டைசனுக்குப் பக்கத்தில்கூட வரமாட்டார்.

எட்டாம்ரவுண்டு:
நல்லது, லைல் சண்டையை நீங்களே எடுத்தீர்கள். போர்மன் இரண்டு தடவை கீழே போனார், எழுந்தார், ஐந்தாவது ரவுண்டில் லைலை முடித்தார். டைசன் தன் வாழ்க்கையில் கீழே விழுந்த ஒரு சண்டையிலாவது எழுந்து ஜெயித்திருக்கிறாரா? டோக்கியோவில் டக்ளஸை எட்டாவது ரவுண்டில் அப்பர்கட்டால் போட்டார். டக்ளஸ் எழுந்தார். பத்தாவதில் டைசன் விழுந்து, வாயிலிருந்து விழுந்த பல்காப்பைத் தேடிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் போடுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. யார் எழுவார் என்பதுதான் விஷயம், அதில் போர்மன்.

பீக்கபூ:
டோக்கியோவில் வந்தது 88 டைசனே இல்லை. பயிற்சியாளர் கெவின் ரூனியை விரட்டியாகிவிட்டது, கார்னரில் (ரவுண்டுகளுக்கு நடுவே வீரர் உட்காரும் மூலை) வீக்கத்துக்கு வைக்கும் உலோகக் கட்டைகூட இல்லாமல் ரப்பர் கையுறையில் தண்ணீர் ஊற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். அதை வைத்து அவரை எடைபோடாதீர்கள்.

பழையரீல்:
தோற்ற அன்றைக்கு மட்டும் அது வேறு ஆள். டைசன் ரசிகர்களிடம் முப்பது வருடமாக இதே பாட்டு. (கோபம் வேண்டாம், அலி ரசிகன் நானும் இதைத்தான் செய்கிறேன்.)

உங்கள் சண்டையில் ஒரு வழி சொல்கிறேன். நாலாவது ரவுண்டு தாண்டினால் டைசன், அதற்குள் என்றால் போர்மன். 73 போர்மனின் வயிற்றில் ஆறு ரவுண்டுக்கு மேல் எண்ணெய் இல்லை.

கயிற்றோரம்:
ஆனால் ஆறு ரவுண்டு தாண்டிய டைசனும் வேறு மாதிரிதான். போன்கிரஷர் ஸ்மித் கட்டிப்பிடித்தே 12 ரவுண்டை ஓட்டினார், டக்கரும் முழு தூரம் போனார். நீண்டால் இருவருக்குமே கஷ்டம். யார் மேலே சாய்ந்து யாரைக் களைப்பாக்குவார் என்று பார்த்தால் மறுபடி பெரிய ஆள்தான் வருகிறார். சரி, இதை இத்தோடு விடுவோம், நூறு வருடம் பேசலாம்.

தென்கைஇல்லை:
நான் இடது கைக்காரன், ஆகவே உசிக் கட்சி. யாரும் அவர் பெயரையே எடுக்கவில்லை, பலம் இல்லாதவர் என்று நினைப்பு போல.

பாருங்கள். 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் டுபுவா ஜோஷுவாவைத் துவைத்து எடுத்தார், ஐந்தாவது ரவுண்டில் முடித்தார். அந்த டுபுவாவை உசிக் 2023ல் ஒன்பதாவது ரவுண்டில் நிறுத்தினார், 2025 ஜூலையில் அதே வெம்ப்ளியில் ஐந்தாவதில் நிறுத்தினார். ஜோஷுவாவோடு உசிக் போட்ட 24 ரவுண்டில் ஒரு நாக் டவுன்கூட இல்லை. பலத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்த மூன்று பேர் விவகாரம் உங்களுக்குப் புரியவே புரியாது. ஜோஷுவா தள்ளி நின்று யோசிப்பார், உசிக்குக்கு அவரைப் புள்ளியில்தான் வெல்ல முடியும். டுபுவா முன்னால் வந்து மாட்டுவார், மாட்டினால் உசிக்கின் இடது கைக்கு அது போதும்.

மணியடிச்சாச்சு:
2023 சண்டையில் ஐந்தாவது ரவுண்டில் உசிக் கீழே விழுந்து கிடந்ததை மறந்துவிட்டீர்களா? இடுப்புப்பட்டைக்குக் கீழே என்று நடுவர் சொல்லி அவ்வளவு நேரம் ஓய்வு கொடுத்தார். எனக்கு அது பட்டை மேலேயே பட்டதாகத்தான் தெரிகிறது.

தென்கைஇல்லை:
அதனால்தான் இரண்டாவது தடவை ஐந்தாவது ரவுண்டிலேயே பதில் சொல்லிவிட்டார்.

அரைநொடி:
தென்கை சொன்னது முக்கியமானது, நான் எழுதியதோடும் சேருகிறது. எதிரில் முன்னால் வரும் தலையும் பின்னால் போகும் தலையும் ஒன்றில்லை. எதிராளி உள்ளே வரும்போது அவருடைய வேகமும் உங்கள் குத்தோடு சேர்ந்துகொள்கிறது. பிரேசியர் ஆறு தடவை விழுந்ததில் அவர் ஓடி வந்த வேகத்துக்கும் பங்கு உண்டு. கின்ஷாசாவில் அலி பின்னால் சாய்ந்து கயிற்றில் தொங்கினார், போர்மனின் அதே கைகள், ஒன்றும் நடக்கவில்லை. நார்டன் கதையும் பாருங்கள்: போர்மன் இரண்டு ரவுண்டு, ஷேவர்ஸ் முதல் ரவுண்டு, கூனி 54 வினாடி. மூன்றையும் தனித்தனிச் சான்றாக எடுக்காதீர்கள். பலமாக அடிப்பவர் முன்னால் நார்டன் பின்வாங்குவார், பின்வாங்கியபடி சண்டை போட அவருக்கு வராது. மூன்று நாக் அவுட்டும் சொல்வது ஒரே சேதி, அது பாதி நார்டனைப் பற்றியது.

கயிற்றோரம்:
அட, நான் ஆரம்பத்தில் வைத்த மூன்று சான்றில் ஒன்றரை போய்விட்டது.

லெனாக்ஸ் லூயிஸ் பற்றி யாராவது சொல்லுங்கள். 44 சண்டையில் இரண்டே தோல்வி, மெக்கால், ரஹ்மான், இரண்டுமே ஒரே வலது கை. இருவரையும் மறுபடி கூப்பிட்டு ஜெயித்தார். அவரும் வைல்டரும் மோதினால்?

எட்டாம்ரவுண்டு:
லூயிஸ், ஆறு ரவுண்டுக்குள். ஃப்யூரி 2020ல் செய்ததைப் போல முன்னால் தள்ளிக்கொண்டே போவார், ஆனால் ஃப்யூரியைவிட இரண்டு மடங்கு கனமான வலது கையோடு. வைல்டர் பின்வாங்கிப் பின்காலில் நிற்கும்போது பாதி ஆள். 2024ல் ஜாங் அதைத்தான் காட்டினார்.

மணியடிச்சாச்சு:
ஒரே வலது கையால் இரண்டு தடவை சாய்ந்தவர், வரலாற்றிலேயே பெரிய ஒற்றை வலது கைக்கு முன்னால். எனக்கு இது கசாப்புக் கடையில் நுழையும் ஆடு மாதிரி தெரிகிறது. பத்துக்கு நாலு வைல்டர், அதற்குக் கீழே இறங்கமாட்டேன்.

பழையரீல்:
பத்துக்கு நாலு நியாயமான கணக்கு. மெக்கால் சண்டைக்குப் பிறகு பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டீவர்ட் வந்து ஜாப்பையும் சமநிலையையும் சரிசெய்த லூயிஸ் வந்தால் பத்துக்கு மூன்று. ரஹ்மானிடம் தோற்றது ஸ்டீவர்ட் வந்த பிறகுதானே என்று கேட்பீர்கள், தெரியும். அன்று சோம்பேறித்தனம்.

போர்மனிடம் திரும்பிப் போகிறேன், ஒன்று விட்டுப்போயிற்று. 1994 நவம்பர், மூரர். போர்மனுக்கு 45 வயது, மூன்று நடுவர் அட்டைகளிலும் பின்னால். அந்தப் பத்தாவது ரவுண்டு வலது கையைச் சாதாரண வேகத்தில் பாருங்கள். மெதுவாக வருகிறது, குறுகலாக, ஏதோ கதவைத் தள்ளுவது போல. மூரர் மல்லாந்து எழ முடியாமல் கிடந்தார். நகர்ந்துகொண்டே இரு என்று கார்னரில் அவருடைய பயிற்சியாளர் டெடி அட்லஸ் தொண்டை கிழியக் கத்தியும் கேட்காமல் எதிரிலேயே நின்றார். 25 வயதில் பத்து குத்தில் செய்ததை 45ல் இரண்டு குத்தில் செய்தார். எனக்கு அந்தப் போர்மன்தான் பெரிய ஆள்.

தென்கைஇல்லை:
மூரரும் இடது கைக்காரர். பழைய காயத்தைக் கிளறாதீர்கள்.

அரைநொடி:
ஷேவர்ஸ் பற்றி யாருமே உருப்படியாகப் பேசவில்லை. 1977ல் அலியோடு 15 ரவுண்டு, அலியை இரண்டாவது ரவுண்டில் ஆட்டங்காண வைத்தார், அலி நடிக்கிறார் என்று நினைத்துப் பின்வாங்கிவிட்டார். தோற்ற சண்டைகளை வைத்தே ஒருவருக்குப் பெயர் வந்தது என்றால் அது அவர்தான். கயிற்றோரம், ஹோம்ஸ் ஏழாவது ரவுண்டை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

கயிற்றோரம்:
பார்த்துவிட்டு வந்தேன். நாலு தடவை. ஹோம்ஸ் அந்தக் குத்தைப் பார்க்கவே இல்லை, அப்படியும் எழுந்து, அந்த ரவுண்டையும் ஓட்டிவிட்டார், எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஷேவர்ஸ் இரண்டாவது. டைசன் மூன்றாவது. வைல்டர் அங்கேயே இருக்கட்டும்.

பீக்கபூ:
அநியாயம்.

மணியடிச்சாச்சு:
படு அநியாயம்.